எடுத்த வீடியோ சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

எடிட்டிங் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தால் ஒன்று தெரிந்துவிடும். ஊடகவியல் மாணவர்கள் தூக்கிக்கொண்டு வரும் கோளாறுகள் எல்லாம் சேர்ந்தே ஒன்றரை டஜனுக்குள் அடங்கிவிடும். பேட்ச் மாறும், கேமரா மாறும், மென்பொருள் மாறும். "அண்ணா, சத்தம் வரல" மட்டும் மாறாது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் தனித்தலைப்பு போட்டு, காசே செலவாகாத காரணத்தில் தொடங்கி, காசு கேட்கும் காரணத்தில் முடித்திருக்கிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், அடுத்து வரும் பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டு.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்

கோளாறு எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். கேமரா, கார்டு, எடிட்டிங், எக்ஸ்போர்ட், கடைசியில் நீங்கள் பார்க்கும் திரை. இந்த ஐந்தில் ஒன்றில்தான் அது இருக்கிறது. கார்டிலிருந்து நகல் எடுத்த அசல் கிளிப்பை விஎல்சி பிளேயரில் போட்டு, கம்பி உள்ள ஹெட்போனில் கேளுங்கள். அங்கே நன்றாக இருந்தால் கேமரா மேல் குற்றமில்லை, எடிட்டிங் பக்கம் தேடுங்கள். அங்கேயே கெட்டிருந்தால் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) எத்தனை எஃபெக்ட் போட்டாலும் வீண். பாதிப் பேர் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நேராக எஃபெக்ட் பட்டியலுக்குப் போய் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

சோதனை எல்லாமே நகலில்தான். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டு நகல் எடுத்தால் தவறுதலாக அழிபடாது.

## சத்தமே பதிவாகவில்லை

முதலில் மைக்கின் சுவிட்ச். கேமரா மேல் மாட்டும் பல ஷாட்கன் மைக்குகளுக்குச் சொந்த பேட்டரியும் சொந்த சுவிட்சும் உண்டு. கேமரா ஓடினால் மைக்கும் ஓடும் என்று நினைத்துவிடுகிறோம். பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பிளக்கை ஒருமுறை கழற்றி, "டக்" என்று உட்காரும்வரை அழுத்துங்கள். கேமராவின் மெனுவில் ஆடியோ ரெக்கார்டிங் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்லோமோஷன் பயன்முறையில் எடுத்திருந்தால் பல கேமராக்கள் சத்தத்தைப் பதிவே செய்யாது. அது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் சத்தம் இல்லை அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் பிளக்கில் இருக்கும் கருப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் அது ஃபோனுக்குச் செய்த காலர் மைக். இரண்டு என்றால் கேமராவுக்கானது. ஃபோன் மைக்கைக் கேமராவில் செருகினால் பிளக் அழகாகப் பொருந்தும், ஆனால் மைக்கின் தொடுமுனை இருக்கவேண்டிய இடத்தில் இருக்காது. இதற்கு ஒரு சின்ன அடாப்டர் போதும், புது மைக் தேவையில்லை. பெரிய மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் மைக் என்றால், அது கண்டென்சர் வகையாக இருக்கும் பட்சத்தில் ரெக்கார்டரில் 48 வோல்ட் என்று எழுதியிருக்கும் சுவிட்சைப் போட வேண்டும். போடாவிட்டால் ஊமைதான்.

அடுத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது: அதே மைக், வேறு கேபிள். அப்புறம் அதே கேபிள், வேறு மைக். அப்புறம் இரண்டும் அதே, கேமரா வேறு. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

எப்போது சர்வீஸுக்கு: எந்த மைக்கைப் போட்டாலும், பிளக்கை விரலால் லேசாக ஆட்டும்போது மட்டும் சத்தம் வந்து வந்து போகிறது என்றால் கேமராவின் ஜாக் தளர்ந்துவிட்டது. அது உள்ளே போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். நீங்களே திறக்காதீர்கள். சர்வீஸ் முடியும்வரை தனி ரெக்கார்டரில் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

## ஹெட்போனில் கேட்கிறது, ஃபோனில் போட்டால் பேச்சு மட்டும் காணாமல் போகிறது

இந்தக் கோளாறு பேய் வேலை மாதிரி தோன்றும். எடிட்டிங் மேசையில் கணீரென்று கேட்ட பேட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். நண்பர் "சத்தமே இல்லையே" என்கிறார். திரும்பப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கு நன்றாகவே கேட்கிறது. நண்பரின் ஃபோனைச் சந்தேகிக்கத் தொடங்குவீர்கள்.

நடந்தது என்னவென்றால், எக்ஸ்எல்ஆர் மைக்கையோ மிக்ஸரையோ தவறான கேபிளில் கேமராவின் சின்ன ஜாக்குக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். எக்ஸ்எல்ஆரில் ஒரே சத்தம் இரண்டு ஊசிகளில் நேரும் தலைகீழுமாக வரும். அந்தக் கேபிள் ஒன்றை இடது சேனலுக்கும், தலைகீழானதை வலது சேனலுக்கும் கொடுத்துவிட்டது. ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தனித்தனியாகக் கேட்பதால் தெரியாது, தலைக்குள் ஏதோ அகலமாக, ஒரு மாதிரி இருப்பதாக மட்டும் தோன்றும். ஒரே ஸ்பீக்கர் உள்ள ஃபோனில் இரண்டும் கூட்டப்படும். நேரும் தலைகீழும் சேர்ந்தால் பூஜ்யம். பின்னணி இசை மட்டும் தப்பித்து ஒலிக்கும், ஏனென்றால் அது வேறு வழியில் வந்தது.

சோதனை எளிது: எடிட்டிங் மென்பொருளில் மாஸ்டரை (எல்லாச் சத்தமும் வந்து சேரும் கடைசி டிராக்கை) மோனோவாக, அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டி, மாற்றிக் கேளுங்கள். பேச்சு மறைந்தால் இதுதான். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும், மேலே இடது சேனலில் மேடு இருக்கும் இடத்தில் கீழே வலது சேனலில் பள்ளம் இருக்கும். தீர்வு இலவசம்: இடது சேனலை எடுத்து இரண்டு பக்கமும் நிரப்பும் எஃபெக்ட் பெரும்பாலான மென்பொருட்களில் உண்டு, வலதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அடுத்த முறைக்குச் சரியான கேபிள் வாங்க வேண்டும். கடைக்காரரிடம் "எக்ஸ்எல்ஆர் மோனோ மைக்கிலிருந்து கேமராவின் ஸ்டீரியோ மைக் ஜாக்குக்கு" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். 48 வோல்ட் கேட்கும் மைக்காக இருந்தால் வெறும் கேபிள் போதாது, நடுவில் ரெக்கார்டரோ ப்ரீஆம்ப்போ (மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் கருவி) வேண்டும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்றாலும் இதே சேனல் நிரப்பும் வேலைதான். ஆனால் அது அப்பாவி. மோனோ மைக் ஒரு சேனலில் மட்டும் பதிவாகியிருக்கிறது, அவ்வளவே.

## சத்தம் இருக்கிறது, ஆனால் சகிக்கவில்லை

"ஸ்ஸ்ஸ்" என்று இரைகிறது. மைக்கின் சத்தத்தைப் பெருக்க கேமராவுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் மலிவானது. அதை அதிகம் வேலை வாங்கினால் இரையும். மைக்கில் +10 அல்லது +20 டெசிபல் என்று சுவிட்ச் இருந்தால் அதை ஏற்றி, கேமராவின் ஆடியோ அளவை அதற்கேற்பக் கீழே கொண்டுவாருங்கள். ஆட்டோ லெவலை அணையுங்கள். ஆள் பேச்சை நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் இரைச்சல் மெல்ல மெல்ல எழும்பி வருகிறது என்றால் ஆட்டோதான் காரணம். அமைதியை அது "குறைந்த சத்தம்" என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போகிறது. பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் துள்ளினால் போதும்.

"உம்ம்" என்று ஒரே சீராக உறுமுகிறது. மின்சாரம் புகுந்திருக்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். பல சமயம் அதோடு முடிந்தது. முடியவில்லை என்றால் மைக் கேபிள் மின்கம்பியோடு ஒட்டிப் படுத்திருக்கிறதா பாருங்கள். ஒட்டி ஓடக்கூடாது, வேறு வழியே இல்லை என்றால் குறுக்காக மட்டும் கடக்கலாம். அதற்குப் பிறகும் உறுமல் போகவில்லை என்றால் மண்டபத்தின் மிக்ஸரோடு உங்கள் ரெக்கார்டரை இணைத்த இடத்தில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட வேண்டியிருக்கும். சுவர் பிளக்கின் எர்த் ஊசியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து. அங்கே கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை.

சத்தமாகப் பேசும்போது "கர்ர்" என்று கிழிகிறது. அலைவடிவத்தின் உச்சி தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் போனது போனதுதான். டீ-கிளிப் கருவிகள் ஒன்றிரண்டு சொற்களைக் காப்பாற்றும், முழுப் பேட்டியை அல்ல. 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்யும் ரெக்கார்டராக இருந்தால் மட்டும் பெரும்பாலும் பிழைத்தீர்கள், எடிட்டிங்கில் கெயினை (சத்த அளவை) குறைத்தாலே திரும்பி வரும்.

எதிரொலி. மைக் தூரத்தில் இருக்கிறது. வேறு எதையும் யோசிக்காமல் மைக்கை ஆளின் வாய்க்கு ஒரு முழம் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள், அறையில் போர்வை, திரைச்சீலை என்று எது கிடைக்கிறதோ அதைத் தொங்கவிடுங்கள். எதிரொலியை நீக்குவதாகச் சொல்லும் மென்பொருட்கள் குரலையும் சேர்த்துச் சுரண்டும். எனக்கு அவை பிடிப்பதில்லை.

## வாயசைவும் சத்தமும் சேரவில்லை

முதலில் ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள். ப்ளூடூத் சத்தத்தைத் தாமதமாகக் கொடுக்கும், அதை நம்பி சிங்க்கை "சரி" செய்து எக்ஸ்போர்ட் போட்ட பிறகுதான் உண்மையிலேயே கெடும். கம்பி ஹெட்போனில் கேட்ட பிறகும் கோளாறு இருந்தால் ஒரே கேள்வி: தொடக்கத்தில் எவ்வளவு விலகலோ கடைசியிலும் அதே அளவா, இல்லை போகப் போகக் கூடுகிறதா?

ஒரே அளவு விலகல். ஆடியோவை நகர்த்துங்கள். ஷாட்டின் தொடக்கத்தில் கைதட்டியிருந்தால் அலைவடிவத்தில் ஒரு கூர்முனை தெரியும், கைகள் சேரும் ஃப்ரேமோடு அதைப் பொருத்தினால் முடிந்தது.

போகப் போகக் கூடுகிறது. ஃபோனில் எடுத்ததா, இல்லை திரைப் பதிவா? அப்படியானால் பெரும்பாலும் ஃப்ரேம் ரேட் நிலையாக இல்லாததே காரணம். வெளிச்சம் குறைந்தாலோ ஃபோன் சூடானாலோ அது நொடிக்கு 30 என்பதை 27, 29 என்று தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருட்களுக்கு அது குழப்பம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் "கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்" என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, மாறிய கோப்பை எடிட்டிங்கில் போடுங்கள். இதை எடிட் தொடங்கும் முன்னால் செய்ய வேண்டும். பாதி வெட்டிய பிறகு செய்தால் எல்லா வெட்டையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

விலகல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3.6 நொடி என்றால் 29.97-ஐயும் 30-ஐயும் (அல்லது 23.976-ஐயும் 24-ஐயும்) யாரோ ஒன்றாக நினைத்துவிட்டார்கள். கிளிப்பின் பண்புகளில் சரியான எண்ணைக் கொடுங்கள். ஆள் வேகமாகவும் கீச்சுக்குரலிலும் பேசினால் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவை 48 என்று எங்கோ படித்திருக்கிறார்கள்; 48-க்கு முறையாக மாற்றி மீண்டும் உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டும் இல்லை, தனி ரெக்கார்டரில் எடுத்த நீண்ட பதிவு மெதுவாகச் சில ஃப்ரேம் மட்டும் நகர்கிறது என்றால், அது இரண்டு கருவிகளின் கடிகாரங்களுக்கும் இடையே உள்ள சின்ன வேறுபாடு. பேச்சு நிற்கும் இடைவெளி பார்த்து வெட்டி, ஒரு ஃப்ரேம் இழுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

## படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது, சிமிட்டுகிறது

விளக்குக்கும் ஷட்டருக்கும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம், நொடியின் பின்னமாகச் சொல்வது) ஒத்துப்போகவில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், அங்கே ஷட்டர் 1/50 அல்லது 1/100. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/60 அல்லது 1/120. ஃபோன் கேமராவில் ஷட்டரை நாமே வைக்க உதவும் செயலி வேண்டும்.

அப்படியும் போகவில்லை என்றால் டிம்மர் போட்ட மலிவான எல்ஈடி விளக்கைச் சந்தேகப்படுங்கள். டிம்மரை முழுசாக ஏற்றிவிட்டு, வெளிச்சம் அதிகமானால் விளக்கைத் தள்ளி வைத்துக் குறையுங்கள். ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தால் எது என்று பிடிபடும். எடுத்து முடித்துவிட்ட ஃபுட்டேஜ் என்றால் டீஃப்ளிக்கர் கருவிகள் இருக்கின்றன. சீரான சிமிட்டலைக் குறைக்கும், முகத்தின் குறுக்கே ஊரும் தடிமனான பட்டையை முழுசாக எடுக்காது. மறுபடி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவதே குறைந்த வேலை.

## இருட்டில் எடுத்தது புள்ளி புள்ளியாக இருக்கிறது

ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) எகிறியிருக்கிறது. ஏன் எகிறியது என்று பாருங்கள். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸில் 3.5-5.6 என்று போட்டிருக்கும். ஜூம் செய்யச் செய்ய அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) தானாகச் சுருங்கி வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ஜூமைப் பின்னுக்கு இழுத்து, நீங்கள் இரண்டடி முன்னால் நடங்கள். ஷட்டர் தேவையில்லாமல் 1/200-இல் நிற்கிறதா என்றும் பாருங்கள், நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்க 1/50 போதும். அடுத்து, ஆளை விளக்குக்கோ ஜன்னலுக்கோ அருகில் கொண்டுவாருங்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் விளக்கு, அதற்குப் பிறகு 1.8 அப்பர்ச்சர் உள்ள ஒரு லென்ஸ். புது கேமரா கடைசி, மிகக் கடைசி.

## மங்கலாக, ஃபோகஸ் இல்லாமல்

துணியால் லென்ஸைத் துடையுங்கள். வ்யூஃபைண்டர் பக்கத்தில் கண்பார்வைக்கு ஏற்றாற்போல் திருகும் சின்னச் சக்கரம் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள்; அது மாறியிருந்தால் சரியான படமும் உங்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், நீங்கள் ஃபோகஸைக் கெடுப்பீர்கள். ஆள் மிக அருகில் நின்றால் லென்ஸின் குறைந்தபட்ச தூரத்துக்குள் வந்திருக்கலாம், ஒரு அடி பின்வாங்குங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலைந்தால் பேட்டிக்கு மேனுவலில் போட்டு, பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணிமையில் வைத்துவிடுங்கள். படத்தின் ஒரு ஓரம் மட்டும் எந்த அப்பர்ச்சரிலும் மங்கல், மற்ற ஓரம் கூர்மை என்றால் லென்ஸுக்குள் கண்ணாடி நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் பார்க்கலாம். அது சர்வீஸ் ஆள் வேலை.

## ஒரே ஷாட்டுக்குள் நிறம் மாறுகிறது

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். அணைத்துவிட்டு மஞ்சள் விளக்குக்கு 3200, பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின் பக்கத்தில் வையுங்கள். முகத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு என்றால் கேமராவைத் திருகிப் பயனில்லை, ஜன்னலையோ விளக்கையோ இரண்டில் ஒன்றை மூடுங்கள். படம் முழுக்கச் சாம்பல் பூத்து வெளிறியிருந்தால் யாரோ லாக் (Log) பயன்முறையில், அதாவது பின்னால் நிறம் சேர்ப்பதற்காக வெளிறலாகப் பதிவு செய்யும் முறையில், விட்டுப் போயிருக்கிறார்கள். அது கெட்டுப்போன படமில்லை, அந்தக் கேமராவுக்குரிய லட்டை (LUT, நிறத்தை மாற்றித் தரும் கோப்பு) போட்டால் நிறம் வந்துவிடும்.

## ரெக்கார்டிங் தானாக நின்றுவிடுகிறது

நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவே பாதி பதில்.

ஒவ்வொரு முறையும் 29 நிமிடம் 59 நொடியில் நிற்கிறது என்றால் கேமரா நலமாகவே இருக்கிறது. பழைய ஸ்டில் கேமராக்கள் பலவற்றில் அந்த வரம்பை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள், அரை மணி நேரம் ஓடினால் ஐரோப்பிய ஒன்றியத்தில் வீடியோ கேமராவுக்கான சுங்க வரி விழும் என்பதற்காக. 25-ஆவது நிமிடத்தில் நீங்களே நிறுத்தி மறுபடி அழுத்துவதே வழி.

ஒவ்வொரு முறையும் கோப்பு 4 ஜிபியில் முடிகிறது என்றால் கார்டு ஃபேட்32-இல் (4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை வைக்க முடியாத பழைய முறை) ஃபார்மேட் ஆகியிருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஆறு நிமிடத்துக்குள் 4 ஜிபி நிரம்பிவிடும். பல கேமராக்கள் அடுத்த கோப்பைத் தானே தொடங்கும், சில நின்றுவிடும். 64 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்தால் அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் ஆகிவிடும், தொல்லை தீரும்.

ஒரு முறை பத்து நொடி, ஒரு முறை மூன்று நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் நின்றால் கார்டின் வேகம் போதவில்லை. இங்கே எல்லோரும் இடறும் இடம் ஒன்று: கேமரா மெகாபிட்டில் பேசும், கார்டு மெகாபைட்டில் பேசும். எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட். 100 மெகாபிட் வீடியோவுக்கு நொடிக்கு 12.5 மெகாபைட் எழுதினால் போதும், வி30 கார்டே தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட், வி60 வேண்டும். கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கு வி-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். மிகப் பெரிய கொள்ளளவு மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த கார்டு என்றால் போலியாகவும் இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி கார்டு முழுவதும் எழுதிப் படித்துச் சொல்லிவிடும்.

கேமராவின் உடல் சூடாகி, கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது என்றால் வெப்பம். திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், நிழலில் வையுங்கள், 4கே தேவையில்லை என்றால் இறக்குங்கள். குளிர்ந்த அறையில் புது பேட்டரி, நல்ல கார்டு போட்டும் ஓரிரு நிமிடத்தில் அணைகிறது என்றால் சர்வீஸ்.

## கார்டில் கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை. அல்லது கோப்பையே காணோம்

உடனே கார்டை வெளியே எடுங்கள். அதில் ஒரு புகைப்படம்கூட இனி எடுக்கக்கூடாது, "ஃபார்மேட் செய்யவா" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழிந்த கோப்பு உண்மையில் அங்கேயே கிடக்கும், புதிதாக எழுதும்போதுதான் அதன் மேல் மண் விழும்.

முதலில் வேறு கார்டு ரீடர், வேறு கணினி. ரீடர் கெட்டுப்போய்க் கார்டு மேல் பழி விழுவது சாதாரணம். கார்டு தெரிகிறது, கோப்பு இல்லை என்றால் ஃபோட்டோரெக் இலவசம்; பெயர் எப்படி இருந்தாலும் வீடியோவையும் மீட்கும். மீட்ட கோப்புகளை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

கோப்பு இருக்கிறது, அளவும் பெரியது, ஆனால் எந்தப் பிளேயரும் திறக்கவில்லை என்றால் பதிவு ஓடும்போதே பேட்டரி தீர்ந்திருக்கும் அல்லது யாரோ கழற்றியிருப்பார்கள். எம்பி4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்கள் ரெக்கார்டிங் நிறுத்தும்போதுதான் எழுதுகின்றன. மின்சாரம் போனதால் படம் இருக்கிறது, அட்டவணை இல்லை. அன்ட்ரங்க் என்ற கருவிக்கு, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த கோப்புக்கு அட்டவணை கட்ட முயலும். கேமராவின் அமைப்பை மாற்றிவிடாமல் வேறு கார்டில் ஒரு நிமிடம் சும்மா எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் மாதிரி.

எப்போது நிபுணரிடம்: எந்தக் கணினியிலும் கார்டு தெரியவே இல்லை, அல்லது ஹார்ட் டிஸ்க் "டிக் டிக்" என்று அடிக்கிறது. அடிக்கும் டிஸ்க்கை மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது மிச்சம் இருப்பதையும் தேய்த்துவிடும். தரவு மீட்பு விலை கூடிய வேலை; திரும்ப எடுக்கவே முடியாத பேட்டியா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

## டைம்லைன் முழுக்கச் சிவப்பு: மீடியா ஆஃப்லைன்

எதுவும் அழியவில்லை. ப்ராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ கிடையாது, வீடியோ இருக்கும் முகவரி மட்டும்தான் உண்டு. நீங்கள் ஃபோல்டரை நகர்த்தினீர்கள், அல்லது வெளி டிரைவின் எழுத்து ஈ-யிலிருந்து எஃப் ஆகிவிட்டது. ரீலிங்க் கொடுத்து ஒரு கோப்பைக் காட்டினால் அதே ஃபோல்டரில் உள்ள மற்றவற்றையும் மென்பொருளே கண்டுபிடிக்கும். பென்டிரைவில் ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் கொண்டுவந்து மதிப்பெண் கேட்பவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ரீலிங்க் ஆகிவிட்டது, ஆனால் ஆசிரியர் பேசும் இடத்தில் பேருந்து ஓடுகிறதா? கேமரா ஒவ்வொரு கார்டிலும் சி0001 என்றே எண்ணத் தொடங்கியிருக்கிறது, இரண்டு கார்டிலும் ஒரே பெயரில் கிளிப் உண்டு, மென்பொருள் முதலில் கண்டதைப் பிடித்துக்கொண்டது. கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்து, தவறாக இணைந்ததை மட்டும் கையால் காட்டுங்கள்.

## டைம்லைன் தத்தித் தத்தி ஓடுகிறது

பிளேபேக் தரத்தைப் பாதியாக, கால்வாசியாகக் குறையுங்கள். போதவில்லை என்றால் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் குறைந்த தர நகல்) உருவாக்குங்கள், எச்.265 என்ற அதிகம் சுருக்கிய வீடியோவை நேரடியாக வெட்டுவது கணினிக்குக் கொடுமை. ஃபுட்டேஜ் பென்டிரைவிலிருந்தே ஓடுகிறதா? உள் டிரைவுக்கு மாற்றுங்கள். இதெல்லாம் செய்தும் தத்தினால்தான் ராம், எஸ்எஸ்டி பற்றிப் பேச வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த கோப்பும் தத்துகிறது என்றால் கணினி அல்ல காரணம். 30 ஃப்ரேம் கிளிப்பை 25 ஃப்ரேம் டைம்லைனில் போட்டிருக்கிறீர்கள்.

## தமிழ் எழுத்து உடைகிறது

"கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன, புள்ளி எழுத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. ஃபான்ட்டை மாற்றி மாற்றிச் சலிக்காதீர்கள், இது பெரும்பாலும் மென்பொருளின் எழுத்து எஞ்சின். ப்ரீமியர் ப்ரோவில் ப்ரெஃபரன்ஸஸுக்குள் கிராஃபிக்ஸ் பகுதியிலும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைப் பகுதியிலும் "சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்" என்று ஒரு தேர்வு பல பதிப்புகளில் இருக்கும். அதைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்து, புதிய டெக்ஸ்ட் லேயரில் அடியுங்கள். பழைய லேயர் திருந்தாமல் அடம்பிடிக்கலாம்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதா? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரை அது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் நிறைய. சப்டைட்டில் முழுக்கக் கேள்விக்குறியா? எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பை, தமிழ் எழுத்தைத் தாங்காத ஆன்சி முறையில் சேமித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குறிகள் இனி எழுத்தாகாது, மூல உரையிலிருந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். எதற்கும் மசியாத மென்பொருள் என்றால் எழுத்தைச் சரியாகக் காட்டும் வேறு மென்பொருளில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து மேலே வைத்துவிடுங்கள். தலைப்புக்கு இது போதும்.

## எக்ஸ்போர்ட்

பாதியில் நிற்கிறது. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் நிற்கிறது என்றால் டைம்லைனில் அந்த இடத்துக்குப் போங்கள். ஒரு கிளிப்போ எஃபெக்ட்டோ அங்கே மாட்டியிருக்கிறது. எஃபெக்ட்டை எடுத்துவிட்டு அந்தச் சில நொடிகளை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் ஜிபியு முடுக்கத்தை (கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியை) அணைத்து முயலுங்கள், மெதுவாக ஆனாலும் முடியும். அணைத்தும் கணினியே அணைந்து போகிறது என்றால் அது வெப்பமோ பவர் சப்ளையோ, கணினி பார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

கோப்பு மிகப் பெரியது. பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற எண்ணை) எட்டால் வகுத்து நொடிகளால் பெருக்கினால் மெகாபைட் வரும். 16 மெகாபிட்டில் பத்து நிமிடப் படம் 1,200 மெகாபைட், அதாவது 1.2 ஜிபி. பிட்ரேட்டைப் பாதியாக்கினால் அளவும் பாதி. ரெசல்யூஷனை மட்டும் குறைத்து பிட்ரேட்டை அப்படியே விட்டால் அளவு குறையாது.

நிறம் வெளுத்துவிட்டது. மேக்கில் குவிக்டைம் பிளேயரில் மட்டும் வெளுப்பாகத் தெரிந்து, ஃபோனிலும் வேறு கணினியிலும் சரியாக இருந்தால் கோப்பைத் தொடாதீர்கள், அந்தப் பிளேயர் காட்டும் விதம் அது. எல்லா இடத்திலும் கருப்பு சாம்பலாக இருந்தால் எக்ஸ்போர்ட் அமைப்பில் ஃபுல், லிமிடெட் என்று இருக்கும் வீச்சு (கருப்பு முதல் வெள்ளை வரை எந்த எண்களில் எழுதுவது என்ற அமைப்பு) தவறாகப் போயிருக்கிறது, பெரும்பாலும் லிமிடெட்டே சரி. திரையிடப் போகும் ப்ரொஜெக்டரில் மட்டும் வெளுக்கிறது என்றால் முதலில் அறை விளக்கை அணையுங்கள், அப்புறம் ப்ரொஜெக்டரின் எச்டிஎம்ஐ வீச்சைப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் அந்த ப்ரொஜெக்டரைப் பராமரிப்பவரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அதற்காக உங்கள் கோப்பில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி வைத்தால் மற்ற எல்லாத் திரையிலும் முகம் கரியாகத் தெரியும்.